கூண்டை அகற்றக் காரணம்

"ஹஜ்ரத், இந்தக் கூண்டை எடுத்துடலாமா?" என்று கேட்டார் ஜபருல்லா.

இத்ரீஸ் ஹஜ்ரத் துடைப்பத்தை உயர்த்தி ஜன்னல் மேலிருந்த ஒட்டடையை இழுத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"எந்தக் கூண்டு?"

அந்தக் கூடத்தில் இருந்ததே ஒரு கூண்டுதான்.

"சாட்சிக் கூண்டு."

"ஏன் எடுக்கணும்?"

"எதுக்கு வச்சிருக்கணும் ஹஜ்ரத்? இனிமே இது கோர்ட் இல்லையே."

"ஆமா, இல்லை." ஹஜ்ரத் துடைப்பத்தைச் சுவரில் தட்டினார். "காரணம் எழுதிக் கொண்டாங்க நானா. கையெழுத்துப் போடுறேன்."

அது ஒரு கடற்கரை நகரத்தின் பழைய கட்டடம். கப்பல் வியாபாரம் செய்த குடும்பம் கட்டியது. தொண்ணூறு வருடம் முன்சீப் கோர்ட்டுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஊருக்கு வெளியே புதிய நீதிமன்ற வளாகம் எழும்பியதும் கோர்ட் அங்கே போய்விட்டது. வாரிசுகள் ஆளுக்கொரு தேசத்தில் இருந்தார்கள். கட்டடத்தை மதரஸாவுக்கு எழுதிவைத்தார்கள்.

பத்திரத்தில் நிபந்தனை ஒரே வரி. ஓதிக்கொடுக்கவும், ஊருக்குப் பயன்படவும்.

"ஊர்னா நம்ம ஜமாஅத்துதானே?" என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

ஹஜ்ரத் அவர்களை வாசலுக்கு அழைத்துப்போய்த் தெருவைக் காட்டினார். ஒரு மீன்காரி கூடையை இறக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருவர் கோயிலுக்கு வாழைத்தார் கொண்டுபோனார். பள்ளிக்கூட ஆட்டோவிலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்துக் கத்தின.

"இதுல யாரு ஊர் இல்லைன்னு சொல்லுங்க. அவங்களை மட்டும் விட்டுடுவோம்."

கேட்டவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

ஆகக் காலையும் மாலையும் ஓதல். பகலில் எந்தத் தெருவிலிருந்தும் பெண்கள் வந்து தைக்கலாம். கட்டுக்கட்டாகக் கேஸ் கட்டுகள் கிடந்த அறை படிப்பகம். குமாஸ்தாக்கள் இருந்த அறையில் ஞாயிற்றுக்கிழமை டாக்டர். நீதிபதியின் மேடை மீது ஹஜ்ரத்துக்கு இருக்கை போடலாம் என்று ஜபருல்லா வரைபடத்தில் குறித்திருந்தார். ஹஜ்ரத் அதை அடித்துவிட்டு, 'குர்ஆன் அலமாரி' என்று எழுதினார்.

"அப்ப நீங்க எங்க உக்காருவீங்க?"

"பிள்ளைங்க எங்க உக்காருமோ அங்க."

நகராட்சியின் பழங்கட்டடக் குழு ஒரு நிபந்தனை போட்டிருந்தது. சுவரோ மரமோ எதை எடுத்தாலும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அகற்றப்படும் பொருள். காரணம். பொறுப்பாளர் கையொப்பம். அதன் கீழே மதரஸா தலைவரான ஹஜ்ரத்தின் கையொப்பம்.

பொறுப்பாளர் ஜபருல்லா. வயது ஐம்பத்தாறு. முப்பது வருடமாகக் கட்டட காண்ட்ராக்டர். பதினொரு வருடத்துக்கு முன் பழைய மதரஸாவின் ஒழுகும் கூரையைப் பார்க்க வந்தவர், சுபுஹு என்னும் அதிகாலைத் தொழுகைக்குப் பின் நடந்த பாடத்தில் உட்கார்ந்தார். கூரை மூன்று நாளில் சரியாயிற்று. அவர் எழுந்திருக்கவில்லை.

ஹஜ்ரத்துக்கு முப்பத்தொன்பது வயதுதான். ஜபருல்லா அவரைப் பார்த்தால் எழுந்து நிற்பார். ஹஜ்ரத் அவரை 'நானா' என்று, அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவார். இதில் யார் யாருக்கு மரியாதை செய்கிறார்கள் என்று புதிதாக வருகிறவர்களுக்குப் புரியாது.

ஜபருல்லா நல்லவர் என்று ஊரே சொல்லும். அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவர் பேச்சை மாற்றுவார். அடக்கம் என்று அதையும் புகழ்ந்தார்கள்.

தேக்கு உத்தரங்களைக் கழுவி எண்ணெய் பூசினார். தளத்தில் பெயர்ந்த கற்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துப் பொருத்தினார். கூலி வாங்கவில்லை. கூடத்தின் தென்கிழக்கு மூலைக்கு மட்டும் அவர் போவதில்லை. அங்கே அளக்க வேண்டியதைத் தச்சர் சவரிமுத்து அளந்து சொன்னார்.

கூண்டு அந்த மூலையில் இருந்தது. மூன்று பக்கம் நெஞ்சளவு மரச்சட்டம், ஒரு சின்னக் கதவு, ஏற இரண்டு படி.

மறுநாள் ஜபருல்லா படிவம் கொண்டுவந்தார்.

காரணம்: கரையான் அரித்துவிட்டது.

ஹஜ்ரத் வாசித்தார். கூண்டருகே போனார். விரல் மடக்கிச் சட்டத்தைத் தட்டினார். கதவு தட்டியதுபோலக் கணீரென்று கேட்டது. மறுபக்கம் தட்டினார். கீழே உட்கார்ந்து படியைத் தட்டினார்.

சவரிமுத்து இழைப்புளியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன ஹஜ்ரத் தேடுறீங்க?"

"கரையான்."

"அதுலயா?" சவரிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பர்மாத் தேக்கு ஹஜ்ரத். கரையான் கடிச்சா அதுக்குத்தான் பல்லு கொட்டும்."

ஹஜ்ரத் படிவத்தை மடித்து ஜபருல்லாவிடம் நீட்டினார்.

"வேற காரணம் இருந்தா எழுதுங்க நானா."

கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் கேட்பதுபோலச் சொன்னார். ஜபருல்லாவுக்கு அதுதான் சங்கடமாக இருந்தது. திட்டினால் பதிலாக வருத்தப்பட்டு முடித்துவிடலாம்.

நான்கு நாள் கழித்து இரண்டாவது படிவம் வந்தது. இம்முறை வரைபடமும் இணைத்திருந்தார்.

காரணம்: தொழுகையில் சஃப் முறிகிறது.

தொழுகையில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிற வரிசைதான் சஃப். நடுவில் தூணோ மரமோ நின்று வரிசையைப் பிரிப்பது நல்லதல்ல. அதை யாரும் மறுத்துப் பேச முடியாது. ஜபருல்லா எழுதும்போதே ஒருவித நிம்மதியுடன் எழுதினார். இது மார்க்கக் காரணம்.

ஹஜ்ரத் வரைபடத்தைப் பார்த்தார். மேற்கே முதல் சஃப், பிறகு இரண்டு, மூன்று, நான்கு. நான்காவது சஃப்பின் மீது கூண்டு ஏறி நின்றது.

"பின்சுவர்லேருந்து கூண்டோட முன்பக்கம் எத்தனை அடி, நானா?"

"ஒன்பது."

ஹஜ்ரத் பின்சுவரில் குதிகாலை ஒட்டி வைத்தார். பாதத்தின் முன் பாதத்தை வைத்து நடந்தார். எண்ணி முடித்துத் திரும்பிப் பார்த்தார்.

"ஆறு."

ஜபருல்லா சட்டைப் பையிலிருந்த டேப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"என் பாதம் ஒரு அடிக்குக் கொஞ்சம் கம்மி. அப்ப ஆறு கூட இருக்காது. கடைசி சஃப்புக்குப் பின்னாடி நிக்குது, பாவம்." ஹஜ்ரத் வரைபடத்தை மடித்தார். "உங்க டேப்பு சுருங்கிப்போச்சா நானா?"

சவரிமுத்து இம்முறை சிரிக்கவில்லை. இந்த நகரத்தில் ஜபருல்லா அளந்த அளவை யாரும் மறுபடி அளப்பதில்லை. அரை அங்குலத்துக்காக ஒரு சுவரையே இடித்துக் கட்டியவர் அவர். மூன்றடி தப்பு அவருக்கு வராது என்பது சவரிமுத்துவுக்குத் தெரியும்.

ஜபருல்லாவுக்கும் தெரியும்.

அன்று மாலை வீட்டுக்கு நடந்துபோகும்போது அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். ஆறை ஏன் ஒன்பது என்று எழுதினாய்? ஒரு மரச்சட்டத்துக்காகவா? ஒரு பொய்யைக் கண்ணில் படாமல் வைக்க இன்னும் எத்தனை பொய் வேண்டும்?

பதில் தெரிந்த கேள்விகள்தான். ஆனாலும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போனார்.

ஒருநாள் சவரிமுத்து சாப்பிடப் போயிருந்தபோது கடப்பாரையைக் கையில் எடுத்தும் பார்த்தார். வேலை நடக்கிற இடம், தவறி உடைந்துவிட்டது என்றால் யார் என்ன கேட்கப்போகிறார்கள்? அப்படிச் சொல்லும் தன் குரலை மனதுக்குள் கேட்டார். கடப்பாரையைச் சத்தமில்லாமல் சுவரில் சாய்த்தார்.

மூன்றாவது படிவத்தில் ஒரே வரி.

காரணம்: குழந்தைகள் பயப்படுகிறார்கள்.

"அப்படியா?" என்றார் ஹஜ்ரத். அவர் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது.

மாலை ஓத வந்த பிள்ளைகளைக் கூப்பிட்டார். இருபது பிள்ளைகள் இருக்கும்.

"இந்தக் கூண்டைப் பார்த்தா யாருக்கெல்லாம் பயமா இருக்கு?"

யாரும் கை தூக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஃபைசல் என்ற பையன் தூக்கினான்.

ஜபருல்லாவுக்கு மூச்சு வந்தது.

"ஏன்டா கண்ணு பயம்?"

"ருகையா ஏறினா எறங்கவே மாட்டேங்குறா ஹஜ்ரத். எனக்கு முறை வராமயே போயிருமோன்னு பயமா இருக்கு."

"முறையா? என்ன முறை?"

பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து சொன்னதில் ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் ருகையா முன்னால் வந்தாள். எட்டு வயது, முன்பல் ஒன்று இல்லை.

"அது ஒரு விளையாட்டு ஹஜ்ரத். இதுல ஏறினா உண்மைதான் சொல்லணும். பொய் சொன்னா அவுட்டு."

"எங்க, விளையாடு பாப்பம்."

அவள் ஓடிப்போய் ஏறினாள். சட்டத்துக்கு மேலே நெற்றியும் இரண்டு கண்களும்தான் தெரிந்தன.

"நேத்து சீக்கிரமா மணி அடிச்சது நான்தான்!"

"அடிப்பாவி," என்றார் ஹஜ்ரத். "பாதிப் பாடம் பாக்கி வச்சுக்கிட்டு எல்லாரும் ஓடிட்டாங்களேன்னு நான் என் கடிகாரத்தைக் கொண்டுபோய் ரிப்பேர் கடையில குடுத்தேனே!"

கூடமே சிரித்தது. சவரிமுத்து சிரித்தார். ஹஜ்ரத் தலைப்பாகை நழுவச் சிரித்தார்.

ஜபருல்லா சிரிக்கவில்லை. ஹஜ்ரத்தின் கையிலிருந்த படிவத்தை மெல்ல வாங்கினார். நான்காக மடித்தார். பிறகு நேரே வாசல் பக்கம் போய் வராந்தாத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பாடம் முடிந்து பிள்ளைகள் போனதும் ஹஜ்ரத் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

வெயில் இறங்கியிருந்தது. எதிர்க்கடையில் டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது.

"நான் அந்தக் கூண்டுல நின்னிருக்கேன் ஹஜ்ரத்," என்றார் ஜபருல்லா.

ஹஜ்ரத் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அப்ப எனக்கு இருபத்தி நாலு வயசு. இரும்புக் கடையில வேலை. கடையை ஒட்டி ஒரு சந்து. சந்தோட கடைசியில அஞ்சம்மாங்கிற அக்கா இடியாப்பக் கடை வச்சிருந்தாங்க. முதலாளி கிடங்கை நீட்டணும்னு சந்தை அடைச்சாரு. அந்த அக்கா கேஸ் போட்டுச்சு. காலங்காலமா இது பொதுவழி, ஆள் நடக்குற வழின்னு."

"ம்."

"நான் முதலாளி பக்கத்து மூணாவது சாட்சி. அந்தச் சந்துல ஆள் நடமாட்டமே கிடையாது, நான் ஒருநாளும் பார்த்ததில்லைன்னு சொன்னேன்."

"பார்த்திருக்கீங்களா?"

"தினமும் காலையில அங்கதான் சாப்பிடுவேன்."

டீக்கடையில் யாரோ பெரிதாக ஏதோ சொல்ல, இன்னொருவர் "போய்யா" என்றார்.

"முதலாளி சொல்லச் சொன்னாரு. சொன்னேன். என் வார்த்தையைத்தான் தீர்ப்புல எழுதியிருந்தாங்க. பக்கத்துலயே வேலை பார்க்கிற ஆளே பார்த்ததில்லைங்கிறாரேன்னு. சந்து போச்சு, கடையும் போச்சு. அந்த அக்கா வீடுவீடாப் போய் வேலை செஞ்சாங்க. முதலாளியும் மவுத்தாகி மண்ணுக்குப் போயிட்டாரு. இப்ப அங்க மூணு மாடிக் கட்டடம் நிக்குது. சந்தைத் திருப்பிக் குடுக்க வழியில்லை."

சொல்லிவிட்டு அவர் காத்திருந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தார். அல்லது அறைந்ததுபோல ஒரு வார்த்தை. எது வந்தாலும் சரி.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க நானா?" என்றார் ஹஜ்ரத். "அந்தச் சந்துல நான் நடந்ததே இல்லையே."

ஜபருல்லா நிமிர்ந்தார்.

"தவ்பா செய்யாத நாள் இல்லை ஹஜ்ரத். ஹஜ்ஜுக்குப் போனேன். அரஃபாத்துல நின்னு அழுதேன். மன்னிச்சிடு ரப்பேன்னு தொண்டை கட்டுற வரைக்கும் கேட்டேன்."

"அங்க அந்த அம்மா வந்திருந்தாங்களா?"

"ஹஜ்ஜுக்கா? அவங்க இந்து ஹஜ்ரத்."

"அப்ப அவங்ககிட்ட கேக்கலை."

டீக்கடையில் விளக்குப் போட்டார்கள்.

"இருக்காங்களா?" என்று கேட்டார் ஹஜ்ரத்.

"இருக்காங்க. மீன் மார்க்கெட்டுக்குப் பின்னாடி. எழுபது வயசு இருக்கும்."

"தூரமோ?"

"அந்தத் தெரு வழியா நான் போறதில்லை. பெரிய ரோடு போயி, ரயில்வே கேட்டைத் தாண்டிச் சுத்தித்தான் வீட்டுக்குப் போவேன். முப்பத்திரண்டு வருஷமா."

"நேராப் போனா?"

"பத்து நிமிஷம்."

ஹஜ்ரத் எழுந்தார். போகச் சொல்லவில்லை. போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. படியில் இறங்கினார். ஜபருல்லாவின் செருப்புகள் கட்டடத்தைப் பார்த்துக் கிடந்தன. ஹஜ்ரத் குனிந்து அவற்றைக் கையில் எடுத்தார்.

"ஹஜ்ரத்! ஹஜ்ரத், நீங்க போயி…" ஜபருல்லா பதறி எழுந்தார்.

ஹஜ்ரத் செருப்புகளைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தார். கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பத்து நிமிடம் என்று சொன்னது தப்பு. ஏழு நிமிடத்தில் வந்துவிட்டது.

தகரக் கூரை போட்ட வீடு. வாசலில் அடுப்பு. அஞ்சம்மா முக்காலியில் உட்கார்ந்து அச்சில் மாவு நிரப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மூங்கில் தட்டுகள் அடுக்கியிருந்தன. வீட்டிலிருந்தபடியே மெஸ்களுக்கு இடியாப்பம் போட்டுக்கொடுக்கிறார் என்று ஜபருல்லா கேள்விப்பட்டிருந்தார்.

"யாரு?"

"நான்… ஜபருல்லா. இரும்புக் கடையில…"

"தெரியுது," என்றார் அஞ்சம்மா. கை நிற்கவில்லை. "வயசாயிருச்சே உனக்கு. என்ன வேணும்?"

வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

"நான் அன்னைக்குச் சொன்னது பொய், அக்கா."

அச்சிலிருந்து மாவு நூல்நூலாக இறங்கித் தட்டில் வட்டமிட்டது. ஒரு தட்டு முடிந்தது. இன்னொன்றை எடுத்துவைத்தார்.

"அது எனக்குத் தெரியாதா? நீ வந்து சொல்லித்தான் தெரியணுமா? நீ தின்ன தட்டைக் கழுவுனவ நான்."

"மன்னிப்புக் கேக்கத்தான்…"

"இங்க நின்னு சொல்ற." அவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "இங்க யாரு இருக்கா? அடுப்பா கேக்கும்? அன்னைக்கு எங்க நின்னு சொன்ன?"

"கோர்ட்ல."

"அங்க வந்து சொல்லு."

"அது இப்ப மதரஸா அக்கா. கோர்ட் மாறிப் போச்சு."

"மாறினா என்ன? சுவரு இருக்கில்ல? பொம்பளைங்கள உள்ள விடுவாங்களா?"

"எல்லாரையும் விடுவாங்க."

"கூண்டு இருக்கா?"

ஜபருல்லாவுக்கு அந்த மூன்று படிவங்களும், சுவரில் சாய்த்த கடப்பாரையும் ஒன்றாக ஞாபகம் வந்தன. கண்ணை மூடித் திறந்தார்.

"இருக்கு அக்கா. அப்படியேதான் இருக்கு."

"அப்ப வியாழக்கிழமை வரேன். அன்னைக்கு எனக்கு ஆர்டர் கம்மி."

வியாழக்கிழமை மாலை அஸர் தொழுகை முடிந்து பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் நான்கு தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. சவரிமுத்து அலமாரிக்குக் கதவு பொருத்திக்கொண்டிருந்தார். இன்னும் ஆள் குறைவான நேரமாகப் பார்த்து வரச் சொல்லியிருக்கலாம் என்று ஜபருல்லா நினைத்தார். நினைத்ததற்காக வெட்கப்பட்டார்.

அஞ்சம்மா வந்தார். துவைத்து மடித்த பச்சைச் சேலை. வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"கழுவினதும் உசரமாத் தெரியுது," என்றார்.

ஹஜ்ரத் எழுந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்திப் போட்டார். "உக்காருங்கம்மா."

"வேணாம். அன்னைக்கு யாரும் எனக்கு நாற்காலி போடலை. நான் நின்ன எடத்துலயே நிக்கிறேன்."

கூடத்தின் மறுகோடிக்கு நடந்துபோனார். வடக்குச் சுவரில் மூன்றாவது ஜன்னலருகே, தையல் மெஷின்களுக்குப் பின்னால் நின்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

ஜபருல்லா கூண்டில் ஏறினார். இரண்டு படி.

"அந்தச் சந்துல…" என்று தொடங்கினார்.

"கேக்கலை."

"அந்தச் சந்துல ஆள் நடமாட்டம்…"

"சத்தமாச் சொல்லு தம்பி. அன்னைக்கு நீ சொன்ன சத்தத்துல வாசல்ல நின்ன டவாலியே திரும்பிப் பார்த்தான்."

ஒரு மெஷின் நின்றது. இன்னொன்று நின்றது.

"அந்தச் சந்துல தினமும் ஆள் நடந்தாங்க!"

"என்னைப் பார்த்துச் சொல்லு. அன்னைக்கு ஃபேனைப் பார்த்துச் சொன்ன."

அவர் பார்த்தார். கூடத்தின் நீளம் முழுவதையும் தாண்டி, எல்லாத் தலைகளுக்கும் மேலாக, அந்த முகத்தைப் பார்த்தார்.

"நான் சொன்னது பொய். அது பொதுவழி. காலையில அம்பது பேர் நடப்பாங்க. நானும் நடந்தேன். தினமும் நடந்தேன்."

சவரிமுத்து கையிலிருந்த சுத்தியலைத் தரையில் வைத்தார். ஹஜ்ரத் பிள்ளைகள் நடுவே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"எதுக்கு நடந்த?" என்று கேட்டார் அஞ்சம்மா.

"உங்க கடையில சாப்பிட."

"எத்தனை இடியாப்பம் தின்ப?"

"அஞ்சு."

"யோசிச்சுச் சொல்லு."

ஜபருல்லா யோசித்தார்.

"ஏழு."

பிள்ளைகள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது.

"தேங்காப்பாலு?"

"ரெண்டாந்தரம் கேப்பேன். சீனி பத்தலைன்னு சொல்லிக் கேப்பேன்."

"பத்தும்," என்றார் அஞ்சம்மா. "சீனி எப்பவும் பத்தும்."

"பத்தும் அக்கா. பால் இன்னும் வேணும்னு அப்படிச் சொல்லுவேன்."

தைக்க வந்த பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அஞ்சம்மா அவளை முறைத்தார். பிறகு அவர் உதடும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சேலைத் தலைப்பால் முகம் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

ஜபருல்லா சட்டத்தைப் பிடித்தபடி நின்றார். நெஞ்சுக்குள் முப்பத்திரண்டு வருடமாகக் கெட்டித்துப் போயிருந்த ஏதோ ஒன்று இடம்விட்டு நகர்ந்தது. காற்று உள்ளே போனது. வெளியே வந்தது. அவ்வளவு சாதாரணமாக மூச்சு விட முடியும் என்பதையே அவர் மறந்திருந்தார்.

"வேற ஏதாவது கேக்கணுமா அக்கா?"

"இல்லை."

அஞ்சம்மா ஜன்னலை விட்டு நகர்ந்தார். மெஷின்களைச் சுற்றிக்கொண்டு, பாயின் விளிம்பை மிதிக்காமல், கூடத்தைக் கடந்து கூண்டருகே வந்து நின்றார். இவ்வளவு கிட்டத்தில் அவர் சின்ன உருவமாகத் தெரிந்தார்.

"எறங்கு."

ஜபருல்லா இறங்கினார். சட்டத்தின் சின்னக் கதவைச் சாத்தப் போனார்.

"சாத்தாத. நான் ஏறணும்."

"நீங்களா? நீங்க எதுக்கு அக்கா?"

அஞ்சம்மா ஒரு படி ஏறி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்று, அடுத்த படியும் ஏறினார். சட்டத்தின் மீது இரண்டு கைகளையும் வைத்தார். கூடத்தில் இருந்த எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

"கைவண்டி போற வழின்னு காட்டணும்னு வக்கீல் சொல்லச் சொன்னாரு," என்றார் சத்தமாக. "நானும் இதே கூண்டுல ஏறி, சந்து எட்டடி அகலம்னு சத்தியம் பண்ணிச் சொன்னேன். அஞ்சடிதான்."